டிரா செய்யத் தெரிந்தவர்களை வெல்வது

செஸ் வரலாற்றில் ஆகப்பெரிய தொடர் வெற்றி எது என்று கேட்டால் பெரும்பாலானோர் யோசிக்காமல் சொல்லும் பதில், அமெரிக்காவின் முன்னாள் உலக சாம்பியன் பாபி பிஷர் வரிசையாக வென்ற 20 ஆட்டங்கள். கொஞ்சம் பழைய ஏடுகளைப் புரட்டியவர்கள் ஸ்டைனிட்ஸின் 25 என்பார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆட்டங்களை நேரலையில் பார்த்து வளர்ந்தவர்கள் கருவானாவின் 7 என்பார்கள். மூன்று பதிலுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் 25, 20, 7 என்று எண்களை அடுக்கி வைத்து எது பெரியது என்று பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனை என்பதற்கு முன்னால் யாரை, எந்த நிலையில், என்ன விதியின் கீழ் என்று கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் நண்பர்களோடு பல வருஷங்களாக வாதாடி வருகிறேன். என் தரப்பை ஒரே இடத்தில் முழுதாக எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

எண்ணிக்கையில் முதலிடம் பின்னாளில் முதல் உலக சாம்பியன் ஆன வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸுக்கு. 1873-ல் வியன்னா போட்டியின் கடைசிப் பகுதியில் வரிசையாக 16 ஆட்டங்களை வென்றார். முதலிடத்துக்காக பிளாக்பர்னோடு ஆடிய இரண்டு கூடுதல் ஆட்டங்களும் அதில் அடக்கம். 1876-ல் அதே பிளாக்பர்னை லண்டனில் 7-0 என்று வீழ்த்தினார். பிறகு 1882-ல் மறுபடி வியன்னாவுக்குப் போய் முதல் இரண்டு ஆட்டங்களை வென்றார். கூட்டினால் 25. இடையில் ஒரு தோல்வி இல்லை, ஒரு டிராகூட இல்லை.

பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது வருஷத்தில் 25 ஆட்டங்கள்! அந்தக் காலத்தில் ஸ்டைனிட்ஸ் பத்திரிகைக்கு செஸ் பத்தி எழுதுவதில்தான் மும்முரமாக இருந்தார், போட்டிகளில் அபூர்வமாகவே உட்கார்ந்தார். தொடர் வெற்றி என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது ஓர் ஓட்டம்: களைப்பு ஏறிக்கொண்டே போகும், எதிராளிகள் உஷாராகிக்கொண்டே போவார்கள், அதையெல்லாம் மீறி அடுத்த ஆட்டமும் வெற்றி. 1876-க்கும் 1882-க்கும் நடுவே ஆறு வருஷ இடைவெளி விழுந்த பிறகு அதை ஒரே ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிளாக்பர்னை 7-0 என்று அடித்ததை மட்டும் தனியாக எடுத்து வைத்து வியக்கிறேன். அந்தக் காலத்தின் மிகப் பெரிய தாக்குதல் ஆட்டக்காரர்களில் பிளாக்பர்ன் ஒருவர்.

ஸ்டைனிட்ஸ் காலத்து ஆட்டம் வேறு மாதிரியானது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே காய்களைப் பலி கொடுத்துத் தாக்குவதுதான் மரியாதை, டிரா என்பது பாதியில் நின்றுபோன காரியம் மாதிரி. 1883 லண்டன் போட்டியில் டிரா ஆனால் அந்த ஆட்டத்தை மறுபடி ஆடவேண்டும் என்றே விதி. வழக்கமாக வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரை; அங்கே மூன்றாவது முறையும் டிரா ஆனால்தான் அந்த அரைப் புள்ளி. அந்தப் போட்டியில் ஸூகர்டோர்ட் முதல் 23-ல் 22 புள்ளி எடுத்துவிட்டு, வெற்றி உறுதியான பிறகு கடைசி மூன்றையும் தோற்றார். மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் டிராவுக்குச் சுலபத்தில் மதிப்பு தராத விதியின் கீழ் வந்த எண்.

என் வாதத்தின் மையம் இதுதான். டென்னிஸில் ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்றே ஆகவேண்டும். செஸ்ஸில் அப்படி இல்லை. உங்களைவிட பலசாலியோடு ஆடும்போதும், வெல்வதை மறந்துவிட்டு டிராவை மட்டும் குறிவைத்து ஆடலாம். காய்களை மாற்றிக்கொண்டே போகலாம், நிலையைப் பூட்டிப் போடலாம், முப்பது நகர்த்தலில் கை குலுக்கிவிட்டு எழுந்துவிடலாம். உச்சத்தில் இருக்கும் கிராண்ட்மாஸ்டர்களுக்கு இது கைவந்த கலை. ஆகவே தொடர் வெற்றிக்கு முதல் எதிரி தோல்வி அல்ல, டிரா. எதிராளிக்கு டிரா செய்யும் திறமையும் தேவையும் இருக்கும்போது அவரை வெல்வது ஒரு வகை. அவை இல்லாதபோது வெல்வது முற்றிலும் வேறு வகை.

அந்தத் திறமை எவ்வளவு என்பதற்கு 1962 குராசாவோ கேண்டிடேட்ஸ் போட்டியைவிடச் சிறந்த சாட்சி இல்லை. உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிப்பதுதான் கேண்டிடேட்ஸ். பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடியவை 12 ஆட்டங்கள். பன்னிரண்டும் டிரா. பல ஆட்டங்கள் போர் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டன. சோவியத் ஆட்டக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு ஆடினார்கள் என்று பிஷர் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அடுத்த சுற்றிலிருந்து கேண்டிடேட்ஸ் முறையே மாறியது. எல்லோரும் எல்லோரோடும் ஆடும் போட்டி போய், இருவர் நேருக்கு நேர் மோதும் தொடர் வந்தது.

அந்தப் புது முறைக்குள் பிஷர் 1971-ல் நுழைந்தார். முதல் இரண்டு எதிராளிகளோடு அவர் ஆடியதும் சரியாக 12 ஆட்டங்கள். பன்னிரண்டும் வெற்றி. ஒன்பது வருஷத்துக்கு முன் உச்சியில் இருந்த மூவர் நினைத்தபோதெல்லாம் டிரா செய்ய முடிந்த அதே உலகத்தில், அதே தரத்து ஆட்டக்காரர்களால் பிஷருக்கு எதிராக ஒரே ஒரு அரைப் புள்ளி எடுக்க முடியவில்லை. செஸ் வரலாற்றில் இதற்கு இணையாக வேறொன்றை நான் பார்க்கவில்லை.

முழுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1970 பால்மா தெ மயோர்கா இன்டர்ஸோனலில் (கேண்டிடேட்ஸுக்கான தகுதிப் போட்டி) பிஷர் கடைசி 7 ஆட்டங்களை வென்று, இரண்டாம் இடத்தில் இருந்தவர்களைவிட மூன்றரைப் புள்ளி முன்னால் முடித்தார். பிறகு வான்கூவரில் சோவியத்தின் தைமானோவை 6-0, டென்வரில் டென்மார்க்கின் லார்சனை 6-0, பியூனஸ் அயர்ஸில் பெட்ரோசியனுக்கு எதிராக முதல் ஆட்டம். ஆக 20.

இதில் இன்டர்ஸோனலின் கடைசி ஆட்டம்தான் வழக்கமான சண்டைக்குக் காரணம். பிஷரின் மத அனுஷ்டானத்துக்காக அவருடைய ஆட்ட நேரம் மாற்றப்பட்டதைக் கண்டித்து அர்ஜென்டினாவின் பான்னோ ஆட மறுத்தார். பிஷர் ஒரு நகர்த்தல் வைத்தார், பான்னோ தோல்வியை ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான். இதைக் கழித்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. ஆடாத ஆட்டத்தில் வெல்ல எதுவும் இல்லை. கழித்தால் 19. அதனால் பிஷருக்கு எந்த நஷ்டமும் இல்லை. 20-ஐ விடாப்பிடியாகக் காப்பாற்றப் பார்ப்பவர்கள்தான் அந்தச் சாதனையை வீணாகக் கேள்விக்கு உள்ளாக்குகிறார்கள்.

வான்கூவருக்கு வருவோம். 6-0 என்று படிக்கும்போது ஒருதலைப்பட்சமான படுகொலை மாதிரித் தெரியும். ஆட்டங்களைப் பலகையில் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. மார்க் தைமானோவ் சாதாரண ஆள் இல்லை, உலகத் தரத்தில் வைக்கக்கூடிய கிராண்ட்மாஸ்டர். கச்சேரி மேடைகளில் பியானோ வாசித்தவரும்கூட. கூடவே சோவியத் பயிற்சியாளர் குழு ஒன்று வந்திருந்தது. அன்றைக்கு ஆட்டத்தைப் பாதியில் ஒத்திவைத்து மறுநாள் தொடரும் வழக்கம் இருந்ததால், இரவில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய அந்தக் குழு பெரிய பலம். பிஷர் அந்த வேலையைப் பெரும்பாலும் தனியாகவே செய்தார்.

மூன்றாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தைமானோவ் வெள்ளை. பிஷர் தனக்குப் பிடித்த கிங்ஸ் இண்டியன் தடுப்பை ஆடினார். 19 நகர்த்தல் முடிந்தபோது வெள்ளை யானை ஒன்று கருப்பின் எல்லைக்குள் சி6 கட்டத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஜி5-ல் வெள்ளைக் குதிரை, அதை வெட்டத் தயாராக எச்6-ல் கருப்புச் சிப்பாய். குதிரையைக் காப்பாற்றப் பின்னால் இழுக்கலாம். அல்லது வெட்டினால் வெட்டிக்கொள் என்று விட்டுவிட்டு ராணியை எச்3-க்குக் கொண்டுபோய் ராஜாவை நேராகத் தாக்கலாம். தைமானோவ் ஒரு மணி நேரத்துக்கும் மேல் யோசித்தார். தாக்குதல் ஏதோ ஒரு வழியில் வெல்லும் என்று அவருக்குத் தோன்றியது. எந்த வழி என்று முழுசாகக் கணக்கிட முடியவில்லை. கடைசியில் குதிரையை எஃப்3-க்கு இழுத்துக்கொண்டார். ஆட்டம் அங்கேயே கை மாறியது. முதல் இரண்டையும் தோற்றிருந்த மனுஷன், அந்த ஒரு மணி நேரத்தில் எதிரே இருந்த நிலையோடு மட்டும் போராடிக்கொண்டிருக்கவில்லை என்பது என் எண்ணம்.

நாலாவது ஆட்டம் வேறு ரகம். பிஷரிடம் ஒரு பிஷப், தைமானோவிடம் ஒரு குதிரை, இரு பக்கமும் சிப்பாய்கள். அவசரமே இல்லாமல் பிஷர் தன் ராஜாவை அங்குலம் அங்குலமாக உள்ளே கொண்டுபோகிறார். எந்தக் காயை நகர்த்தினாலும் நிலை கெடும் என்ற கட்டாயத்துக்குத் தைமானோவைத் திரும்பத் திரும்பத் தள்ளுகிறார். 62-வது நகர்த்தலில் பிஷப்பையே ஜி6-ல் பலி கொடுத்துவிட்டு, ராஜாவை வைத்து இடது பக்கச் சிப்பாய்களைச் சாப்பிடுகிறார். குதிரைக்கு எதிராக பிஷப்பின் பலம் என்ன என்று கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல ஆட்டம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் டிரா கேட்டிருக்கக்கூடிய நிலையில் தொடங்கிய வெற்றி இது.

ஐந்தாவதில் தைமானோவ் சமமான நிலையில் யானையால் ஒரு சிப்பாயை வெட்டினார். பிஷரின் ராணி டி4-க்கு வந்து செக் வைத்தது; அதோடு முடிந்தது. கிராண்ட்மாஸ்டர் ஒருவர் அப்படித் தவறு செய்வது அபூர்வம். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு ஆட்டமாக ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒருவரை யோசிக்க வைத்துக்கொண்டே இருந்தால் ஐந்தாவதில் கண் தவறத்தான் செய்யும். மாஸ்கோ திரும்பிய தைமானோவ் பட்ட பாடு தனிக் கதை. தடை செய்யப்பட்ட நூல் ஒன்று பெட்டியில் இருந்ததைச் சாக்காக வைத்து அவரைத் தண்டித்தார்கள். அவர் செய்த குற்றம் 0-6 என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டென்வரில் நடந்தது இன்னும் பெரிது. பெண்ட் லார்சன் 1970-ல் சோவியத் அணிக்கு எதிராக உலக அணிக்காக முதல் பலகையில், அதாவது அணியின் முதல் ஆளாக, ஆடியவர். அந்தப் பலகையை அவருக்கு விட்டுக்கொடுத்து பிஷர் இரண்டாவதில் உட்கார்ந்தார். அதே வருஷ இன்டர்ஸோனலில் பிஷரைத் தோற்கடித்த ஒரே ஆள் இந்த லார்சன்தான். அவரும் 6-0. வெயிலையும் உடம்பையும் காரணமாக லார்சன் சொன்னார், அதில் உண்மையும் இருக்கலாம். டிராவை வெறுத்து எப்போதும் வெற்றிக்கே ஆடும் அவருடைய குணமும் பிஷருக்கு உதவியது.

எண்களில் தெரியாத ஒன்று இதில் உண்டு. இந்தத் தொடர்கள் பத்து ஆட்டங்களுக்கானவை. ஐந்தரைப் புள்ளி எடுத்தால் போதும். ஐந்து ஆட்டம் வென்ற பிறகு ஆறாவதில் பிஷருக்குத் தேவை வெறும் அரைப் புள்ளி. இரண்டு முறையும் அந்த நிலை வந்தது, இரண்டு முறையும் முழுப் புள்ளி எடுத்தார். லார்சனோடு ஆறாவது ஆட்டத்தில் பிஷருக்குக் கருப்புக் காய்கள் வேறு. உலகத்தில் எந்த ஆட்டக்காரரும் டிராவை வாங்கிக்கொண்டு எழுந்திருப்பார்.

பெட்ரோசியனோடு முதல் ஆட்டத்தில் இந்த ஓட்டம் நின்றிருக்க வேண்டியது. சோவியத் ஆராய்ச்சியாளர்கள் தயாரித்த புது நகர்த்தல் ஒன்றை வைத்துப் பெட்ரோசியன் நல்ல நிலை பெற்றார், பிறகு வழுக்கினார். இரண்டாவது ஆட்டத்தில் வென்று 20-க்கு (என் கணக்கில் 19-க்கு) முற்றுப்புள்ளி வைத்தார். உலகத்திலேயே தோற்கடிக்கக் கடினமானவர் என்று பெயர் வாங்கியவர் அவர், எனவே பொருத்தமான ஆள்தான்.

இப்போது எதிர்வாதம். நேருக்கு நேர் மோதும் தொடரில் இரண்டு ஆட்டம் பின்தங்கியவருக்கு டிரா பிரயோஜனம் இல்லை. அவர் ஜெயித்தே ஆகவேண்டும், அதனால் அபாயம் எடுப்பார், இன்னும் தோற்பார். அப்படியானால் 6-0 என்பதில் பாதி தானாக வருவது, உண்மையில் கடினமானவை முதல் இரண்டு மூன்று மட்டுமே என்பார்கள். நான் கேட்ட வாதங்களில் இதுதான் பலமானது. இதை வைத்தே கருவானாவை முன்னிறுத்துகிறார்கள், அதில் பெரிய நியாயம் இருக்கிறது.

2014 செயின்ட் லூயிஸ், சின்க்ஃபீல்ட் கோப்பை. ஆறே பேர், அவர்களுடைய சராசரி ரேட்டிங் (ஆட்ட பலத்தை அளக்கும் எண்) 2800-ஐத் தாண்டியது. கிராண்ட்மாஸ்டர் ஃபேபியானோ கருவானா வரிசையாக டோபலோவ், வாசியே-லாக்ராவ், கார்ல்சன், அரோனியன், நகமுரா ஐவரையும் வென்றார். பிறகு டோபலோவையும் வாசியே-லாக்ராவையும் மறுபடி வென்றார். 7-க்கு 7. உலக சாம்பியன் கார்ல்சனை வென்றது கருப்புக் காய்களோடு. எட்டாவது சுற்றில் அதே கார்ல்சனுக்கு எதிராகவும் வெல்லும் வாய்ப்பு வந்தது, நழுவியது, டிரா. கடைசியில் எட்டரைப் புள்ளி, இரண்டாம் இடத்தில் இருந்த கார்ல்சனைவிட 3 புள்ளி அதிகம். இங்கே யாருக்கும் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு நாளும் புது எதிராளி, அவருக்கு டிரா போதும், கையில் கணினி தயாரித்துக் கொடுத்த தொடக்கங்கள். பலகையில் நடந்தவற்றில், ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு கடினம் என்று அளந்தால், கருவானாவின் ஏழுதான் உச்சம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கருவானாவின் ரேட்டிங்கும் அங்கிருந்தவர்களின் சராசரியும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த உயரத்தில் பாதிக்கு மேல் டிரா ஆகும் என்பதால், ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பை நாலில் ஒன்று என்று வைப்போம். ஏழும் வெல்ல 16,384-ல் ஒன்று. பிஷர் 1971-ல் 2760, லார்சன் 2660, தைமானோவ் 2620. ரேட்டிங் கணக்கிடும் எலோ சூத்திரப்படி 100 புள்ளி வித்தியாசத்துக்குக் கிடைக்க வேண்டியது சுமார் 64 சதவீதப் புள்ளி. டிராக்களைக் கழித்து வெற்றி வாய்ப்பை மட்டும் 45 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும், 12-ம் வெல்ல சுமார் 14,500-ல் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன! பின்தங்கியவர் அபாயம் எடுப்பார் என்பதற்காக பிஷர் பக்கம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பன்னிரண்டுக்கு முன்னால் பான்னோவைக் கழித்த இன்டர்ஸோனல் ஆறையும், பின்னால் பெட்ரோசியன் ஒன்றையும் சேருங்கள். தராசு பிஷர் பக்கம் சாய்கிறது. பத்து மாத இடைவெளியில், நாலு நகரங்களில், உலகமே தன்னை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது அது. ஆகவே பிஷர் ஒன்று, கருவானா இரண்டு.

இதே கணக்குதான் 2023 நவம்பரில் கிளம்பிய சண்டைக்கும் விடை. நகமுரா இணையத்தில் பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேக) ஆட்டங்களில் 46-க்கு 45.5 எடுத்ததை முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் சந்தேகத்தோடு சுட்டிக்காட்டினார். ஆட்டங்களை நடத்திய தளம் ஆராய்ந்து, மோசடிக்கு ஆதாரம் இல்லை என்றது. ரேட்டிங்கில் 400 புள்ளி கீழே இருப்பவரோடு ஆடினால் எதிர்பார்க்கும் புள்ளி 91 சதவீதம். டிராக்களை மறந்துவிட்டுப் பார்த்தால், அப்படி 46 ஆட்டத்தையும் வெல்ல வாய்ப்பு சுமார் 80-ல் ஒன்று. பல்லாயிரக்கணக்கில் பிளிட்ஸ் ஆடுகிறவருக்கு அப்படி ஓர் ஓட்டம் ஒருநாள் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 46 என்ற எண் 7-ஐவிடப் பெரிது என்பதால் மட்டும் அது பெரிய சாதனையும் ஆகாது, குற்றத்துக்குச் சாட்சியும் ஆகாது.

தோற்காமல் ஆடிய தொடர்களை இதோடு சேர்த்துக் குழப்புகிறவர்களும் உண்டு. கார்ல்சன் 2018 முதல் 2020 வரை 125 ஆட்டங்கள், டிங் லிரன் 100, மிகைல் தால் 1973-74-ல் 95. எல்லாம் மகத்தானவை. ஆனால் கார்ல்சனின் 125-ல் 83 டிரா. அது வேறு கலை, வேறு விவாதம்.

யாரும் பேசாத ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்: வேரா மென்சிக். பெண்கள் உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் 1931 பிராகில் 8-க்கு 8, 1933 ஃபோக்ஸ்டனில் 14-க்கு 14, 1935 வார்சாவில் 9-க்கு 9, 1937 ஸ்டாக்ஹோமில் 14-க்கு 14. நாலு சாம்பியன்ஷிப், 45 ஆட்டம், 45 வெற்றி. இடையில் ஆண்களோடு ஆடிய போட்டிகளில் அவர் தோற்றதும் உண்டு, சாம்பியன்ஷிப் பட்டத்துக்காக சோன்யா கிராஃபோடு மோதிய தனித் தொடரிலும் ஆட்டங்களை இழந்தார், எனவே கறாராகப் பார்த்தால் இது அறுபடாத ஓட்டம் அல்ல. எதிராளிகளுக்கும் அவருக்கும் இடையே இருந்த தூரமும் அதிகம். ஆனாலும் ஆறு வருஷம், ஒவ்வொரு முறையும் பட்டத்தைக் காப்பாற்ற வந்து, ஒரு நாள்கூட அசட்டையாக ஆடாமல் இருந்திருக்கிறார். டிரா வாங்கினாலும் சாம்பியன் ஆகியிருக்கலாம் என்ற ஆட்டங்கள் அதில் எத்தனையோ. 1944-ல் லண்டனில் ஜெர்மன் குண்டு விழுந்து தாயோடும் சகோதரியோடும் இறந்தார், அப்போதும் அவர்தான் உலக சாம்பியன். லாஸ்கர் 1893-ல் நியூயார்க்கில் எடுத்த 13-க்கு 13-ஐயும், கபாபிளாங்கா 1913-ல் அதே ஊரில் எடுத்த 13-க்கு 13-ஐயும் மதிக்கிற புத்தகங்கள் மென்சிக்கை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. என் பட்டியலில் அவருக்கு மூன்றாம் இடம்.

நாலாவதுக்குத்தான் இன்னும் சண்டை ஓயவில்லை. 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் பிஷர் எடுத்த 11-க்கு 11 ஒரு பக்கம். நாடுகள் அணி அணியாக மோதும் 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் 16 வயது குகேஷ் இந்திய இரண்டாம் அணியின் முதல் பலகையில் வரிசையாக வென்ற 8 இன்னொரு பக்கம். ஒலிம்பியாடில் முதல் சில சுற்றுகள் இலகுவாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும், அவற்றைத் தள்ளிவிடலாம். ஐந்தாவது சுற்றில் ஷிரோவ். ஆறாவதில் ஆர்மீனியாவின் சர்கிஸியன், அன்று அணி தோற்றது, குகேஷ் மட்டும் வென்றார். எட்டாவதில் எதிரே உட்கார்ந்தவர் அதே கருவானா. ஒன்பதாவதில் மமெத்யரோவோடு டிரா ஆகி ஓட்டம் நின்றது. பிஷரின் பதினொன்றில் ரெஷெவ்ஸ்கியும் பெங்கோவும் உண்டு, ஆனால் 2022-ல் கருவானா இருந்த உயரத்தில் ஒருவரும் இல்லை. நான் குகேஷின் பக்கம். என் நண்பர் 8-ஐ 11-க்கு மேலே வைக்க முடியாது என்கிறார். அப்படியானால் அவர் கருவானாவின் 7-ஐ மென்சிக்கின் 45-க்கு மேலே வைத்திருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறேன்.